முட்டியளவுத் தண்ணி

மொதல்ல அந்தப் பேனாவ மூடி வைங்க தம்பி. மூடினீங்களா? இப்பப் பேசுவோம்.

கோவிச்சுக்காதீங்க. உங்க அட்டையப் பாத்தேன். போட்டோ நீங்கதான், சீலு இருக்கு, கோர்ட்டு போட்ட கமிட்டின்னும் எழுதியிருக்கு. இருந்தாலும் சீலு யாரு வேணாலும் செஞ்சுக்கலாம். போன மாசம் ஒருத்தரு இதே மாதிரி கழுத்துல அட்டையத் தொங்கவிட்டுக்கிட்டு வெள்ளச் சேதம் பாக்க வந்தேன்னாரு. அரை மணி நேரம் எல்லாத்தையும் சொன்னப்புறம் பாத்தா, மனுசன் இன்சூரன்ஸ் விக்க வந்திருக்காரு. அதான்.

அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. டீயக் குடிங்க. சக்கரையத் தவிர வேற ஒண்ணும் போடல.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். இந்தச் செருதலைமேட்டுக்கு இப்ப வர்றவங்க எல்லாரும் பாலத்தப் பத்தித்தான் கேக்க வர்றாங்க. ‘மெம்பரம்மா, ரோடு போட்டதாலதான் ஊரு மூழ்கிச்சா?’ நான் சொல்றது ஒண்ணுதான். மழை. மூணு நாள் விடாம பேஞ்சா எந்த ஊருதான் மூழ்காது? குணவதி இப்படித்தான் சொன்னான்னு எழுதிக்குங்க. ஓ, மூடச் சொன்னேன்ல. சரி, அப்புறம் எழுதுங்க.

ஆனா மொதல்லேர்ந்து கேக்கணும். நடுவுல வந்து கேட்டா நான் ஏதோ தப்பு செஞ்சவ மாதிரித் தெரியும்.

அந்த வாசப்படியில நின்னு வடக்க பாருங்க. தண்ணி தெரியுதா, அதான் உப்பாறு. அந்தாண்ட வெள்ளையா ஒரு கட்டடம் இருக்கே, அதான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. கூப்பிட்டாக் கேக்குற தூரம். ஆனா பாலம் வர்றதுக்கு முன்னால அங்க போவணும்னா மேக்க சுத்திக்கிட்டு இருபத்தாறு கிலோமீட்டர் போவணும். படகுல போலாமேன்னு கேப்பீங்க. ஏத்தத்துல படகு ஓடும். வத்தம்னா சேத்துல நின்னுரும், இடுப்புச் சேறு. அலை எப்ப ஏறும் எப்ப வத்தும்னு பாத்தா பிரசவ வலி வரும்?

என் மருமக சங்கவிக்கு அப்படித்தான் வந்துச்சு. ஆறு வருசம் ஆச்சு. பட்டப்பகல், மணி ரெண்டு. நல்ல வத்தம். லோடு ஆட்டோவுல பாயப் போட்டு அவளப் படுக்க வெச்சு, தலைய என் மடியில வெச்சுக்கிட்டுக் கிளம்புனோம். போற வழியெல்லாம் ஆத்துக்கு அந்தாண்ட அந்த வெள்ளக் கட்டடம் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு தம்பி. நான் பாக்கக் கூடாது பாக்கக் கூடாதுன்னு இருந்தேன், கண்ணு அங்கயே போச்சு. பாதி வழிக்கு மேல வந்தப்ப புள்ள பொறந்துருச்சு. ஆம்பளப் புள்ள. அழுவல. தட்டினேன், ஊதினேன், கவுத்துப் பாத்தேன். அழுவல.

அதுக்கப்புறம் என்னடா வேலைன்னு கேட்டா, பாலந்தான் வேலை எனக்கு. மனு எழுதினேன். ஆபீஸ் ஆபீஸா ஏறினேன். வார்டு எலெக்சன்ல நின்னதே அதுக்குத்தான். மூணு வருசம் நாயா அலைஞ்சு, பாலம் சாங்சன் ஆயிருச்சுன்னு காயிதம் வந்த அன்னிக்கு, நான் கோயிலுக்குக் கூடப் போவல, நேரா ஆத்தங்கரைக்குப் போய் அந்தக் கட்டடத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்.

இதுக்கப்புறம் ஒருத்தி வந்து குறுக்க நின்னா, எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

வந்தா. பங்குனி மாசம். எப்சிபான்னு பேரு. டாக்டருன்னாங்க, ஆனா ஊசி போடுற டாக்டரு இல்ல, கடலப் பத்திப் படிச்ச டாக்டரு. பாலம் கட்டுறதுக்கு முன்னால கரையோரமா என்னென்ன இருக்குன்னு பாத்து அறிக்கை எழுதணுமாம், அது சட்டமாம். தங்க எடம் வேணும்னு கேட்டா. நம்ம மாடி ரூம்ப நானேதான் குடுத்தேன். ஏன் குடுத்தேன்னு கேளுங்க. கண்ணு முன்னாலயே இருந்தா என்ன பண்றான்னு பாக்கலாம்ல.

பாத்தேன். ஒண்ணு விடாமப் பாத்தேன். காலம்பர விடியறதுக்குள்ள ரப்பர் செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பிருவா. அலையாத்தி மரத்த எண்ணுவா. ஒரு மரத்த எதுக்குத் தம்பி எண்ணணும்? மொட்டை மாடியில நின்னு போன்ல இங்கிலீசுல பேசுவா, நடுவுல சிரிப்பா. எதுக்குச் சிரிப்பு? நண்டுக் கொழம்பு வெச்சுக் குடுத்தா மூணு தடவ வாங்கிச் சாப்பிடுவா, தட்டையும் அவளே கழுவி வெச்சுருவா. வேலைக்கு வந்த எடத்துல எவளாவது தட்டு கழுவுவாளா? சங்கவி மறுபடியும் முழுகாம இருந்தா அப்ப. அவள ஒக்காரவெச்சு என்ன சாப்பிட்ட, காலு வீங்குதா, தலை சுத்துதான்னு தெனம் கேப்பா. என் மருமகளப் பத்தி அவளுக்கு என்ன? எனக்குச் சரியாப் படல. எங்க கிட்டேர்ந்து எதையோ வாங்கப் பாக்குறான்னு மட்டும் தெரிஞ்சுது.

ஒரு அமாவாசையன்னிக்குப் பின்னாலயே போனேன். வெறகு பொறுக்குற மாதிரி. ஆத்துக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு பொட்டல் கெடக்கே, தரவைன்னு சொல்லுவோம், அதுல போய் நின்னா. பாலத்துக்குப் போற ரோடு அது வழியாத்தான் வரணும். நிக்கிறா, நிக்கிறா, அசையாம நிக்கிறா. அலை ஏற ஏற தண்ணி சத்தமே இல்லாம தரவைக்குள்ள வந்துச்சு. அவ கணுக்கால் வரைக்கும் வந்துச்சு. தண்ணி நின்ன எடமாப் பாத்துச் சின்னச் சின்ன மஞ்சக் கொடியா நட்டுக்கிட்டே வந்தா. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தரவையில தண்ணி ஏறும்னு எங்க ஊருல சின்னப் புள்ளைக்கும் தெரியும். அத எதுக்கு இவ கொடி நட்டு வெளில காட்டணும்?

என்னையப் பாத்துட்டா. “வாங்கக்கா”ன்னா. நான் வெறகு பொறுக்க வந்தேன்னேன். சிரிச்சா. அப்புறம் அவளாவே சொன்னா.

“அக்கா, அலைத்தண்ணி வந்து போற எடத்துல மண்ணக் கொட்டி ரோடு போடக் கூடாதுன்னு விதி இருக்கு. தூண் நட்டு, அது மேலதான் ரோடு போவணும். மேக்கேருந்து மழைத்தண்ணி வந்தா இந்தத் தரவை வழியாத்தான் கடலுக்கு வடியுது. மண்ணக் கொட்டி அடைச்சா தரவையோரத்து மேலத்தெரு தாங்காது.”

“அப்ப பாலம் வேணாங்கிறியா?”

“ஐயோ, பாலம் கண்டிப்பா வேணும். இந்த நானூறு மீட்டரும் சேத்துத் தூண் மேல வரட்டும்னு எழுதப் போறேன்.”

“எத்தன நாளு கூட ஆவும்?”

கையில இருந்த கொடிய நட்டா. அப்புறம், “ரெண்டு வருசம் கூட ஆவலாம்க்கா”ன்னா.

ரெண்டு வருசம். சங்கவிக்கு அப்ப மூணாவது மாசம் நடந்துக்கிட்டிருந்துச்சு. அந்தப் புள்ள பாலத்துக்கு முன்னாலயே பொறந்துரும்னு எனக்குத் தெரியும், கணக்கு எனக்கும் வரும். ஆனா அதுக்கு அடுத்து வரப் போறவளுங்க? இந்த ஊருல வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிற ஒவ்வொருத்தியும்? இவ கொடி நட்டுக்கிட்டு நிக்கிறா.

ஒரு வாரத்துல பரசுராமன் சார் வந்தாரு. காண்ட்ராக்ட் எடுக்கப் போறவங்களோட சூப்பர்வைசரு. தங்கமான மனுசன். என்னைய அக்கான்னுதான் கூப்பிடுவாரு. எங்க மகளிர் குழுக் கூடத்துக்குப் பதினஞ்சு நாற்காலி போட்டவரு அவருதான். அந்த ஆடுற நாற்காலியும் அவரு குடுத்ததுதான். அவரு சொன்னாரு, “அக்கா, மண்ணடிச்சு, தண்ணி போக அடியில நாலு கொழா போட்டா ஒம்பது மாசத்துல ரோட்ட முடிச்சுக் குடுத்துருவேன். இந்தம்மாதான் தடை. யாரு அனுப்பி வந்திருக்குன்னு உங்களுக்கே தெரியும்.” எனக்குத் தெரியாது. ஆனா தெரியும்னு தலையாட்டினேன். யாரு அனுப்பினாங்கன்னு நானும் ரொம்ப நாளு யோசிச்சேன். எறாப் பண்ணைக்காரங்களா இருக்கும், இல்லன்னா அக்கரைக்காரங்க. இன்னிக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. அவ்வளவு கெட்டிக்காரி.

சரி, பேனாவத் தொறந்துக்குங்க. பரசுராமன் சாரப் பத்தி நல்லதா எழுதுங்க.

அந்த எப்சிபா மேலத்தெருவுல வீடு வீடாப் போயி, புயல் வருசத்துல உங்க வீட்டுல தண்ணி எவ்வளவு நின்னுச்சுன்னு கேக்கப் போறான்னு தெரிஞ்சுச்சு. முந்தின நாளே நான் போயிட்டேன். முப்பத்திரெண்டு வீடு. எல்லார்கிட்டயும் ஒரே பேச்சுதான். ‘நமக்குப் பாலம் வேணுமா வேணாமா? வேணும்னா, தண்ணி முட்டியளவுதான் நின்னுச்சுன்னு சொல்லுங்க. தரவைக்குள்ள அலைத்தண்ணி எந்தக் காலத்துலயும் ஏறாதுன்னு சொல்லுங்க.’ நெஞ்சளவு நின்னுச்சுதான். அதுக்காக? நெஞ்சுன்னா தூணு, தூணுன்னா ரெண்டு வருசம்.

எல்லாரும் சரின்னாங்க. பூரணம் ஒருத்திதான் இழுத்தா. கருவாடு காய வைக்கிறவ, புருசன் போயி பத்து வருசம் ஆவுது, ஒண்டிக்கட்டை. எனக்கு ஒரு வகையில தங்கச்சி முறை. “எம் புருசன் பண்டம் பாத்திரத்தத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நடந்தாரே குணவதி, எதுக்குப் பொய்யி? பாலந்தான் எப்படியும் வருதுல்ல, நல்லதா வரட்டுமே”ன்னா. எனக்கு வந்துச்சு கோவம். ஏதோ ஒரு வார்த்தை சொல்லிட்டேன். என்ன வார்த்தைன்னு இப்ப ஞாபகம் இல்ல. அவ உள்ள போயிட்டா. மறுநாளு அவளும் முட்டின்னுதான் சொன்னா.

சாயங்காலம் எப்சிபா மாடிப்படியில ஏறும்போது என்னையப் பாத்து நின்னா. “முப்பத்திரெண்டு வீட்டுலயும் ஒரே அளவு சொல்றாங்கக்கா. ஒரு விரக்கடை கூட ஏறல, எறங்கல”ன்னா. “எங்க சனங்க அவ்வளவு ஒத்துமை”ன்னேன். அப்பவும் அவ கோவப்படல. அதுதான் எனக்குச் சந்தேகம். கோவப்பட வேண்டிய எடத்துல கோவப்படாதவங்கள நான் நம்பவே மாட்டேன்.

ஆனியில கருத்துக்கேட்புக் கூட்டம். பள்ளிக்கூட மைதானத்துல பந்தல் போட்டு, பெரிய பெரிய அதிகாரிங்க எல்லாம் வந்து உக்காந்தாங்க. அவ எந்திரிச்சுப் படத்த விரிச்சா. தரவை முச்சூடும் நீலம் அடிச்சு வெச்சிருக்கா. “இது வரைக்கும் அலை ஏறுது. மரத்துல இருக்கிற கறையப் பாத்தா வெள்ளமும் நெஞ்சுக்கு மேல வந்திருக்கு”ன்னா. கூட்டம் கத்துச்சு. மைக்க நான் வாங்கினேன். தம்பி, எனக்கு அன்னிக்கு மாதிரிப் பேச்சு அதுக்கு முன்னயும் வரல, பின்னயும் வரல. பேரன மடியில வெச்சுக்கிட்டு அந்தக் கட்டடத்தப் பாத்துக்கிட்டே போனதச் சொன்னேன். அதிகாரி ஒருத்தரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அப்புறந்தான் சொன்னேன், “இங்க பொறந்து வளந்தவங்க சொல்றோம், தரவையில அலை ஏறாது. புயல்லயும் முட்டியளவுத் தண்ணிதான். நேத்து வந்த இந்தம்மாவுக்கு என்ன தெரியும்?” முப்பத்திரெண்டு வீட்டுக்காரங்களும் எந்திரிச்சு நின்னாங்க. கை தட்டுனாங்க. நான் பேசுனத அதிகாரிங்க எழுதுனதுக்குக் கீழ வரிசையாக் கையெழுத்துப் போட்டாங்க.

அவ என்னையப் பாத்தா. நான் பொய் சொல்றேன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். அமாவாசையன்னிக்குத் தண்ணியில நின்னவதான நானும். சொல்லியிருக்கலாம்ல? ‘இந்தக்காவே அன்னிக்கு என் பக்கத்துல நின்னாங்க’ன்னு மைக்குல சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. படத்த மடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. ஏன் சொல்லல? அவகிட்ட ஏதோ தப்பு இருக்கப் போயிதான.

மறுநாளு ரூம்பக் கூட்டிப் பெருக்கி வெச்சுட்டுக் கிளம்பினா. போறப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு, “உங்க பேரன் விசயம் எனக்குத் தெரியாதுக்கா, நேத்துதான் தெரியும். மன்னிச்சுக்குங்க. ஒண்ணு மட்டும் செய்யுங்க. ரோடு வந்தப்புறம் பெருமழை பேஞ்சா, மேலத்தெரு சனங்கள மொத நாளே மேட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துருங்க”ன்னா. பாருங்க, போற எடத்துல சாபம் விட்டுட்டுப் போறா.

அவ எழுதுன அறிக்கை எங்கயோ போச்சு. வேற ஒரு கம்பெனி ரெண்டு நாளு வந்து வேற அறிக்கை எழுதுச்சு. படத்துல தரவைக்கு வெள்ளை அடிச்சு, காஞ்ச தரிசுன்னு போட்டாங்க. ஊர் சனங்க வாக்குமூலத்தப் பின்னால இணைச்சாங்க. மண்ணடிச்சாங்க, நாலு கொழா போட்டாங்க, ரோடு வந்துச்சு, பாலம் வந்துச்சு. சங்கவிக்கு அதுக்குள்ள பொம்பளப் புள்ள பொறந்துருச்சு, அவ அம்மா வீட்டுல டவுன்ல வெச்சு. அந்தப் பேத்திக்குச் சளின்னு பாலத்து மேல மொதத் தடவ போனோம். பதினோரு நிமிசம். நான் மணி பாத்துக்கிட்டே போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கி நின்னு அழுதேன். சளிக்கு எதுக்கும்மா அழுவுறீங்கன்னு நர்சு கேட்டுச்சு.

இதெல்லாம் எழுதுனீங்களா? பதினோரு நிமிசம்னு போடுங்க. வெள்ளத்தப் பத்தி மட்டுந்தான் எல்லாரும் எழுதுறாங்க.

சரி, வெள்ளத்தையும் சொல்றேன். இந்தக் கார்த்திகையில. மேக்க எங்கயோ பேஞ்ச மழையெல்லாம் சேந்து தரவைக்கு வந்துச்சு. ஆகாயத்தாமரை அடிச்சுக்கிட்டு வந்து நாலு கொழாயையும் அடைச்சுருச்சு. ரோட்டு மேல நின்னு பாத்தா இந்தாண்ட ஏரி மாதிரி, அந்தாண்ட கடல் பக்கம் வெறும் சேறு. நடுவுல ஒரு ரோடுதான். என் வீட்டுக்குத் தண்ணி வரல. இது மேடு, எந்தக் காலத்துலயும் வந்ததில்ல. மேலத்தெருவுல ஒம்பது நாளு நின்னுச்சு.

முன்னாலயே கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. நீங்க கேக்கல, ஆனா மொகத்துல தெரியுது. அவ சொன்னான்னு கூட்டிக்கிட்டு வரணுமா? அவ சொன்னது பலிக்கும்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆவாதா? வடிஞ்சுரும் வடிஞ்சுரும்னு இருந்தேன்.

மூணாம் நாள் காலம்பர பூரணம் வீட்டுச் சுவரு உக்காந்துருச்சு. கருவாட்டு மூட்டைய மேல ஏத்த நின்னிருக்கா, வலது கையி உள்ள மாட்டிக்கிச்சு. ஆளுங்க நீந்திப் போயி எடுத்தாங்க. நாந்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். அந்தப் பாலத்து மேலதான் போனோம். பாலம் இல்லன்னா அவ உசுரே போயிருக்கும், அத யாராவது சொல்றாங்களா? கையத்தான் காப்பாத்த முடியல. மணிக்கட்டுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

நாலு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குத் தாலுகா ஆபீஸ்லேருந்து ஒரு ஆளு வந்தாரு, சேதம் எழுத. நான் கட்டிலுக்குப் பக்கத்துல ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருக்கேன். “வீட்டுக்குள்ள தண்ணி எவ்வளவும்மா நின்னுச்சு?”ன்னு கேட்டாரு. இவ கட்டுப் போட்ட கைய வயித்து மேல வெச்சுக்கிட்டு, என்னையப் பாக்காம, மேல ஃபேனப் பாத்துக்கிட்டுச் சொல்றா:

“முட்டியளவுதான் சார்.”

“என்னம்மா, சுவரே விழுந்திருக்கு. முட்டியளவுங்கிற?”

“எங்க தெருவுல எப்பவும் முட்டியளவுதான் சார் வரும். நெசமான்னு மெம்பரம்மாவக் கேளுங்க. இதோ இருக்காங்க.”

அவரு என்னையப் பாத்தாரு. நான் ஆரஞ்ச உரிச்சேன். அவரு முட்டின்னே எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தீங்களா? கூட்டிக்கிட்டு வந்து சேத்தவ நானு, ராவும் பகலும் பக்கத்துல இருந்தவ நானு. அன்னிலேர்ந்து என்னோட பேசுறதில்ல. நான் மெம்பர் ஆனதுல அவளுக்கு ஒரு எரிச்சலு, வேற என்ன?

பரசுராமன் சாருக்குப் போன் போட்டேன், கொழா அடைச்சுக்கிச்சு, மெஷின் அனுப்புங்கன்னு. எடுக்கல. எத்தன வேலையோ பாவம். அப்புறம் நம்பரே இல்லன்னு வந்துச்சு. இவ இருக்காளே, எப்சிபா, அவ போன் போட்டா. வெள்ளம் டீவியில வந்த அன்னிக்கே, எங்க சொந்தக்காரங்க எவனும் கேக்கறதுக்கு முன்னால. ஒரு நாளைக்கு நாலு தடவ அடிச்சா. நான் எடுக்கல. நான் சொன்னேன்ல, அப்பவே சொன்னேன்லன்னு சொல்லிக் காட்டத்தான கூப்பிடுறா? சங்கவி எடுத்துப் பேசிட்டா. என்ன சொன்னான்னு கேட்டேன். “எல்லாரும் பத்திரமா இருக்காங்களான்னு கேட்டாங்கத்தை. அவ்வளவுதான். அழுதாங்க”ன்னா. எதுக்கு அழுவணும்?

என்ன காயிதம் அது? குடுங்க பாக்கலாம்.

ம். கூட்டத்துல எழுதுனது. என் பேச்சு. ‘முட்டியளவுத் தண்ணிதான்’... ஆமா, அப்படியேதான் எழுதியிருக்காங்க. கீழ கையெழுத்து. காசிநாதன், தேவகி, வேம்பு... இது பூரணம். நல்லா எழுதுவா, முத்து முத்தா. வலது கையாலதான...

இது நெசமான்னு மேலத்தெருவுல கேட்டீங்களா? என்ன சொன்னாங்க?

எல்லாருமா?

‘மெம்பரம்மாவக் கேளுங்க’ன்னாங்களா? எத்தன வீட்டுல கேட்டீங்க? முப்பத்திரெண்டு வீட்டுலயும் அதேதானா? வேற ஒண்ணும் சொல்லல?

என் மேல அவ்வளவு மரியாதை வெச்சிருக்காங்க தம்பி. எது கேட்டாலும் மெம்பரக் கேளுன்னு...

இருங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்குறேன்.

தம்பி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இது பொய்யின்னு ஆனா பாலத்த இடிச்சுருவீங்களா? இடிக்க மாட்டீங்க. ரோட்ட மட்டும் வெட்டி, தூணு நட்டு... அதுவரைக்கும்? பக்கத்துல தற்காலிகமா இரும்புப் பாதை போடுவாங்களா? யாரு சொன்னா? எழுத்துல இருக்கா? காட்டுங்க. இது நீங்க கேட்டு எழுதியிருக்கீங்க, கவர்மெண்டுல போடுறோம்னு எங்க சொல்லியிருக்காங்க? நம்ப முடியாது தம்பி. நான் யாரையும் நம்புறதில்ல. நீங்க கேட்டுக்கிட்டே இருப்பீங்களா? உங்கள வேற ஊருக்கு மாத்திட்டா?

மாத்திட்டா நான் கேட்டுக்குறேன். ஆபீஸ் ஏறத் தெரிஞ்சவதான.

அந்த வார்த்தை ஞாபகம் இல்லன்னு சொன்னேன்ல. பூரணத்துகிட்டச் சொன்னது. ஞாபகம் இருக்கு. ‘புள்ள பெத்திருந்தா உனக்குத் தெரியும், மலட்டுச் செறுக்கி’ன்னு சொன்னேன். அவளுக்கு மூணு தடவ வயித்துல நிக்காமப் போச்சு. மூணு தடவையும் பக்கத்துல இருந்தது நாந்தான்.

எந்திரிங்க. டீ கெடக்கட்டும், ஆறிப் போச்சு. நான் இங்க உக்காந்து சொல்றத மட்டும் எழுதிக்கிட்டுப் போனீங்கன்னா அது மறுபடியும் மெம்பரம்மா சொன்னதாத்தான் இருக்கும். வாங்க. வீடு விழுந்ததுலேர்ந்து அவ அங்கன்வாடியிலதான் இருக்கா. பாத்து வாங்க, சேறு வழுக்கும். இந்த வழியாத்தான் நான் அன்னிக்கு வீடு வீடாப் போனேன். இது காசிநாதன் வீடு. இது தேவகி வீடு. அந்தக் கறையப் பாருங்க, சன்னலுக்கு மேல. பாத்துக்குங்க. நான் இதுவரைக்கும் நிமுந்து பாக்கல.

வந்துட்டோம். நீங்க கொஞ்சம் பின்னால நில்லுங்க, கதவ நான் தட்டுறேன்.

பூரணம். நான்தான், குணவதி. கதவச் சாத்தாத. சாத்துனாலும் நான் போவப் போறதில்ல. இவரு கோர்ட்டுலேர்ந்து வந்திருக்காரு. தெருவுல தண்ணி எவ்வளவு நின்னுச்சுன்னு கேக்குறாரு. அன்னிக்குப் புயல்லயும் சரி, இப்பவும் சரி. நான் உன்னையப் பொய் சொல்லச் சொன்னேன்னு இவருகிட்ட சொல்லிட்டேன். உன்னையச் சொன்ன வார்த்தையையும் சொல்லிட்டேன். தம்பி, இவளுக்கு நெஞ்சுக்கு மேல தண்ணி, இப்பக் கழுத்தளவு வந்திருக்கும், இவ வீடு பள்ளத்துல இருக்கு, அதனால...

என்ன?

சரி. நான் பேசல பூரணம். நீயே சொல்லு.